501-வது யூனிட்டோட விலை என்ன?

கரன்ட் பில் வந்ததும் ரூம்மேட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல "கீசர் போட்டது யாரு?"ன்னு ஒரு பஞ்சாயத்து நடக்கும் இல்லையா? இன்னைக்கு அதுக்குக் கணக்கோட தீர்ப்பு சொல்லலாம்னு இருக்கேன்.

முதல்ல யூனிட். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். அவ்வளவுதான். வாட் பாதிக் கதை, நேரம் மீதிக் கதை. 2,000 வாட் கீசரைத் தினமும் 15 நிமிஷம் போட்டா அரை யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் 16 மணி நேரம் சுத்தினா 1.2 யூனிட். எல்லாரும் கீசரைத்தான் கைகாட்டுறாங்க. சத்தமில்லாம ரெண்டு மடங்குக்கு மேல இழுக்கிறது ஃபேன்.

ஃபிரிட்ஜுக்கு இப்படி நேரா பெருக்க முடியாது. கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். அதுக்கு ஸ்டார் லேபிளைப் பாருங்க, வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கும். 6-ஆல் வகுத்தா நம்ம 2 மாச பில்லுக்கான பங்கு கிடைச்சிடும்.

இப்போ விலை. தமிழ்நாட்டுல எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட் கிடையாது. 2 மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101-ல இருந்து 200 வரைக்கும் மானியத்துல பாதி விலை. அதுக்கு மேல போகப் போக ரேட் ஏறும். ஆனா மொத்தம் 500-ஐத் தாண்டிட்டா அந்தப் பாதி விலைச் சலுகை போயிடும். அதனால 501-வது யூனிட் ஒண்ணாலயே பில் 200 ரூபாய்க்கு மேல எகிறும்!

அப்போ, எதை மாத்தினா எவ்வளவு மிச்சம்? அந்த 75 வாட் ஃபேனுக்குப் பதிலா 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டா 60 நாளைக்குச் சுமார் 43 யூனிட் குறையும். 250 யூனிட் ஓடுற வீட்டுல அது 200 ரூபாய் அளவுக்கு மிச்சம். 520 ஓடுற வீட்டுலயோ 500 ரூபாய்க்கு மேல! ஃபேன் அதேதான், வீடுதான் வேற.

அதனால பில் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ரீடிங் எடுத்த 45-வது நாள் மீட்டரை ஒரு தடவை பாருங்க. 375 யூனிட் ஓடியிருந்தா நீங்க 500-ஐ நோக்கித்தான் போயிட்டிருக்கீங்க. பஞ்சாயத்தை அன்னைக்கே கூட்டிடுங்க, கைல இன்னும் 15 நாள் இருக்கு.