சீசாவில் வளரும் டேன்டிலியான்: சேமநிதிப் பணத்தைப் போடுமுன்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்வு பெறுவோர் கையில் ஊழியர் சேமநிதிப் பணம் வந்ததும், மூலிகைக் கன்று வாங்கி நட்டால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. 'திசு வளர்ப்புக் கன்று' என்றால் விலையும் ஏறிவிடுகிறது. அது என்னவென்று பார்ப்போம்.

செடியின் இலையிலோ வேரிலோ சிறு துண்டை வெட்டி, குளோரின் கரைசலில் கழுவி, கிருமியில்லாத சீசாவில் வைப்பார்கள். அடியில் மண் கிடையாது. நாம் பெருநாளுக்குக் கிண்டும் அகார் அகார் போன்ற கூழ்தான். அதில் சர்க்கரை, தாது உப்பு, வளர்ச்சி ஊக்கிகள் இருக்கும். 1962இல் முராஷிகே, ஸ்கூக் இருவரும் வகுத்த உப்புக் கலவை இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆக்சின் என்ற ஊக்கி கூடினால் வேர் விடும்; சைட்டோகைனின் கூடினால் தளிர் வரும்.

சீன மருந்துக் கடைகளில் 'பூ கோங் யிங்' என்று காய்ந்த நிலையில் விற்பது டேன்டிலியான்தான். மஞ்சள் பூ, பஞ்சு விதை, ஒடித்தால் பால். இதன் உறவுச்செடி ஒன்றின் வேர்ப்பாலிலிருந்து இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் நாடு ரப்பர் எடுத்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் தோட்டம் கண்ட மலாக்காக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்!

ஆனால் டேன்டிலியான் குளிர்நாட்டுச் செடி. நம் சமவெளி வெப்பம் அதற்கு ஒத்துவராது. மேலும், அதன் பல ரகங்கள் மகரந்தச் சேர்க்கை இன்றியே விதை பிடிப்பவை. அந்த விதையில் முளைப்பது தாய்ச்செடியின் நகலே. வேர்த்துண்டைப் புதைத்தாலும் துளிர்க்கும். ஆய்வுக்கூடத்திற்குச் சீசா தேவைப்படலாம். கொல்லையில் நடுபவர் அதற்காகக் கூடுதல் வெள்ளி கொடுப்பானேன்?

நகல் என்பதாலேயே குறை வராது என்றும் நம்ப வேண்டாம். திசு வளர்ப்புச் செம்பனைகளில் சில, குலை தள்ளும் பருவத்தில் கோணல் காய் காய்த்தது 1980களில் தெரியவந்தது. காரணத்தை மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2015இல்தான் வெளியிட்டார்கள். மரபணு எழுத்து மாறவில்லை. அதன்மேல் இருந்த மெத்தில் என்னும் வேதியியல் அடையாளம் ஓரிடத்தில் அழிந்திருந்தது.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். டேன்டிலியான் மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். பித்தநாள அடைப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எந்த மூலிகையானாலும், கன்று விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சீசாவிலிருந்து எடுத்தபின் எத்தனை வாரம் நிழலில் பழக்கினீர்கள்? அப்படிப் பழகாத கன்றின் இலையில் மெழுகுப் படலம் சரியாக இராது, வெயில் பட்டால் வாடிவிடும். விளைச்சலை யார், என்ன விலைக்கு வாங்குவார்? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.