கடைக் கணினியில் பழைய பிளாஷ்

பில் போடும் பழைய கணினிகளில் அடோபி பிளாஷ் பிளேயர் இன்னும் கிடக்கலாம். இணையத்தில் படம் ஓடுவதற்காக நாம் அன்று பிரவுசருடன் சேர்த்துக்கொண்டது. இதில் ஓட்டை இருந்தால், வஞ்சகமாகத் தயாரித்த ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும். எங்கோ இருப்பவன் தன் கட்டளையை நம் கணினியில் ஓட்டிவிடுவான். பற்றுவரவு, பாக்கிக் கணக்கு எல்லாம் அவன் கையில்.

2015 ஜூலையில் இத்தாலியின் ஹேக்கிங் டீம் நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகளில் இத்தகைய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அடோபி சில நாட்களிலேயே திருத்தம் வெளியிட்டது. உடனே போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. இப்போது அதற்கும் வழியில்லை. 2020 டிசம்பர் 31-க்குப் பின் அடோபி திருத்தம் தருவதில்லை. காலாவதிச் சரக்குதான்! கன்ட்ரோல் பேனலில் நீக்கிவிடலாம். 'பிளாஷ் அப்டேட்' என்று திரையில் வந்தால் தொடவேண்டாம், அது போலி. நீக்குமுன், பில் சாப்ட்வேர் போட்டுத் தந்தவரிடம் பிளாஷ் இல்லாமல் அது ஓடுமா என்று கேட்டுக்கொள்ளவும்.