பழைய இயந்திரப் படகு: வாங்குமுன் அறிய வேண்டுவன

திருப்பூணித்துறை என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் ‘துறை’ நிற்கிறது. அதன் அருகே ஓடும் சம்பக்கரைக் கால்வாய் தேசிய நீர்வழி 3-இன் ஒரு கிளையாகும். 1993ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது அந்நீர்வழி, கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர், சம்பக்கரைக் கால்வாய் 14 கிலோமீட்டர், உத்யோகமண்டல் கால்வாய் 23 கிலோமீட்டர் என மூன்று பிரிவுகளை உடையதாயிருந்தது. இங்கே படகேறினால் கொச்சித் துறைமுகத்தையும், வேம்பநாட்டுக் காயலையும், ஆலப்புழையையும் நீர் வழியாகவே அடையலாம். இத்தகைய சூழலில், படுக்கையறையும் சமையலறையும் கொண்ட ஓர் இயந்திரப் படகைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்னும் விருப்பம் பலருக்கு எழுவது இயல்பே. புதிய படகின் விலை எட்டாதபோது, பத்து அல்லது இருபது ஆண்டுகள் ஓடிய பழைய படகின்மீது கண் செல்கிறது.

பழைய படகை வாங்குவது தவறன்று. ஆயினும் அதன் விலை இரு தவணைகளில் செலுத்தப்படுகிறது என்பதை முதலிலேயே உணர வேண்டும். முதல் தவணை விற்பவருக்கு உரியது. இரண்டாவது தவணை, நீருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாதிருக்கும் பழுதுகளுக்கு உரியது. இரண்டாவதன் அளவை அறியாமல் முதலாவதைச் செலுத்தலாகாது.

கரையேற்றிப் பார்த்தல்

நீரில் மிதக்கும் படகு தன் மேற்பாதியை மட்டுமே காட்டும். ஆதலால், ஸ்லிப்வே எனப்படும் சாய்தளத்தில் படகைக் கரையேற்றி, தகுதி பெற்ற ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு அடிப்பகுதியைச் சோதித்த பின்னரே விலையை உறுதி செய்ய வேண்டும். முன்பணம் தருவதாயின், ‘ஆய்வு அறிக்கை நிறைவளித்தால் மட்டுமே ஒப்பந்தம் நிலைக்கும்’ என்னும் வாசகம் எழுத்தில் இருத்தல் நலம். ஆய்வாளரை அமர்த்துபவர் வாங்குபவராகவே இருக்க வேண்டும். விற்பவர் காட்டும் பழைய அறிக்கை போதாது.

உடற்பகுதி எப்பொருளால் ஆனது என்பதைப் பொறுத்துச் சோதனை மாறும். கேரளத்துக் கெட்டுவள்ளங்கள் ஆணி அடிக்கப்படாமல், அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்படுபவை. இவற்றில் தையல் கயிற்றின் உறுதியையும், பலகை இணைப்புகளின் கசிவையும், முந்திரிக்கொட்டை எண்ணெய்ப் பூச்சு காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் காண வேண்டும். கோடையில் உப்பு ஏறும் காயல் பகுதிகளில் கப்பற்புழு மரத்தைத் துளைக்கும். வெளியே ஊசித்துளை அளவே தெரியினும், உள்ளே பலகை தேன்கூடு போலாகியிருக்கும்.

கண்ணாடியிழைப் படகு மரத்தைப் போல் உளுத்துப் போவதில்லை. ஆனால் பல்லாண்டுகள் நீரிலேயே கிடந்தால் ஈரம் உட்புகுந்து, மேற்பூச்சில் கொப்புளங்கள் தோன்றும். சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிக்க வேண்டிய இடம் மந்தமாக ஒலித்தால், அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். இரும்புப் படகிலோ, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளக்க வேண்டும். புதுச் சாயத்தின் கீழே துரு மறைந்திருக்கும். உப்பு நீரில் உலோகங்கள் மின்வேதி வினையால் அரிக்கப்படுவதைத் தடுக்க, அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவர். அவை தாம் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பவை. ஆகவே முற்றிலும் கரைந்துபோன கட்டிகள் பராமரிப்பின்மைக்குச் சான்று.

எஞ்சின்

விற்பவர் எஞ்சினை முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகக் கூறித் திரும்புதல் நன்று. குளிர்ந்த நிலையில் எஞ்சின் எவ்வாறு கிளம்புகிறது என்பதே அதன் உண்மை நிலையைக் காட்டும். இடைவிடாத நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் குறிக்கும். கரும்புகை, மிகைச் சுமையையோ எரிபொருள் அமைப்பின் கோளாற்றையோ குறிக்கும். சூடான பின்னரும் வெண்புகை நீடித்தால், குளிர்நீர் எஞ்சினுக்குள் கசிகிறதா என ஐயுற வேண்டும்.

இப்பகுதிக்கே உரிய இடர் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவரும்போது ஆகாயத்தாமரை காயலெங்கும் பரவுகிறது. அது குளிர்நீர் உறிஞ்சும் துளையை அடைத்தால், எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். எனவே நீர் வடிகட்டி எளிதிற் கழற்றித் துப்புரவு செய்யும்படி அமைந்துள்ளதா, வெப்ப எச்சரிக்கை மணி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். லாரி எஞ்சினைப் படகுக்கென மாற்றிப் பொருத்தியிருந்தால், உதிரிபாகங்கள் எளிதிற் கிடைக்கும். ஆனால் அம்மாற்றம் முறையாகச் செய்யப்பட்டு, ஆய்வில் ஏற்கப்பட்டதா என்பதை உறுதி செய்தல் வேண்டும்.

ஆவணங்களும் மாற்றங்களும்

1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக, 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவான விதிகளைத் தந்துள்ளது. கேரளத்தில் இப்படகுகளின் ஆய்வும் பதிவும் கேரளக் கடல்சார் வாரியத்தின் பொறுப்பில் உள்ளன. பதிவுச் சான்றிதழ், நடப்பிலுள்ள ஆய்வுச் சான்றிதழ், காப்பீடு, ஓட்டும் சிராங்கு மற்றும் எஞ்சின் டிரைவரின் தகுதிச் சான்றுகள் ஆகியவை வேண்டும். எஞ்சின் எண்ணும் படகின் அளவுகளும் பதிவுடன் ஒத்திருக்கின்றனவா என்று நேரிற் சரிபார்க்க வேண்டும். படகின்மீது முன்பே அடமானம் உள்ளதா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிதலும் இன்றியமையாதது.

அனைத்தினும் முக்கியமானது, படகு தொடக்கத்தில் எதற்காகக் கட்டப்பட்டது என்னும் வினா. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மீன்பிடிப் படகாக இருந்ததைப் பயணிகள் படகாக மாற்றியதும், அளவுக்கு மீறிப் பலரை ஏற்றியதும் பின்னர் வெளிப்பட்டன. மேல்தளம் ஒன்றைச் சேர்த்தால் படகின் எடைமையம் உயர்கிறது. மக்கள் ஒரு பக்கமாகச் சாயும்போது, மீண்டும் நிமிரும் வலிமை அதற்குக் குறைகிறது. ஆகவே பின்னர்ச் சேர்க்கப்பட்ட அறை, மாடி, நீர்த்தொட்டி ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இடம்பெற்றுள்ளதா எனக் காண்க. இல்லையெனில், விலை எத்துணைக் குறைவாயினும் அப்படகை விட்டுவிடுதலே அறிவுடைமை.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, படகின் விலை ரூ.12 லட்சம் எனக் கொள்வோம். ஆய்வுக்குப் பின் எஞ்சின் பழுதுபார்க்க ரூ.2.5 லட்சம், உடற்பகுதிக்கு ரூ.1.5 லட்சம், மின்கம்பிகளுக்கு ரூ.75,000, மிதவைச் சட்டைகள், தீயணைப்பான்கள் முதலியவற்றுக்கு ரூ.50,000 எனில், நீரில் இறங்குமுன் செலவு ரூ.17.25 லட்சமாகும். இனி ஆண்டுதோறும் கரையேற்றிச் சாயமிட ரூ.80,000, துறைக்கட்டணம் ரூ.60,000, எஞ்சின் பராமரிப்பு ரூ.40,000, காப்பீடு ரூ.30,000 எனக் கொண்டால் ரூ.2.1 லட்சம். ஐந்தாண்டுகளில் மொத்தம் ரூ.27.75 லட்சம். இதில் எரிபொருளும் பணியாளர் ஊதியமும் சேரவில்லை. இத்தொகைகள் விளக்கத்திற்கானவை, படகுக்குப் படகு மாறுபடும். ஆயினும் கணக்கின் வடிவம் மாறாது.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், அதில் மூன்றிலொரு பங்கையேனும் பழுதுகளுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். மற்றொன்று, கடன் பெறுவோர் திருப்பிச் செலுத்தும் காலத்தைப் படகின் எஞ்சிய பயன்காலத்தை விடக் குறைவாக அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். படகு ஓய்ந்த பின்னரும் தவணை ஓயாதிருத்தல் துன்பம் தரும்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. விபத்தில் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்திற்குமான பொறுப்பைக் காக்கும் காப்பீட்டைச் சட்டமே வலியுறுத்துகிறது. படகுக்கு நேரும் சேதத்தைக் காக்கும் காப்பீடு வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பீடு, படகை வாடகைக்கு விடும்போது செல்லாமற் போகலாம். பயன்பாட்டை உள்ளவாறே எழுதுதல் வேண்டும்.

நன்கு பேணப்பட்ட பழைய படகு, உரிமையாளருக்குப் பல்லாண்டுகள் இன்பமும் வருவாயும் நல்கும். படகைத் தேர்ந்தெடுத்ததும் ஆய்வு அறிக்கை, பதிவு ஆவணங்களின் நகல்கள், பழுது மதிப்பீடு ஆகியவற்றுடன் தங்கள் வங்கிக் கிளையை அணுகுக. விலை பேசி முடித்தபின் வருவதினும், பேசுமுன் வருவது நன்று.