தலைமன்னாரில் பிரிந்த உறவும் நமது உடம்பும்



சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் புரஸ்டேட். அதில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே காட்டாது. எலும்புக்குப் பரவி இடுப்பு வலித்தாலும், “கவ்வாத்து வெட்டின வலி” என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம் என்ன? சில குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் பழுது இருக்கும். உடம்பின் கலங்களில் ஏற்படும் சேதத்தைச் சீர்செய்வது இதன் வேலை. பழுதுள்ள தாயோ தகப்பனோ அதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெண்களுக்கு மார்பு, சூலகப் புற்றுநோய் வருவதற்கும் இதே பழுது காரணமாகலாம். ஆகவே அத்தையின் நோயையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் பழுது உள்ள ஆண்களுக்கு நோய் இளவயதிலேயே, வேகமாக வருகிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ‘இம்பாக்ட்’ ஆய்வு 2019இல் காட்டியது. அப்படிப்பட்டவர்கள் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. பி.எஸ்.ஏ. கூடினால் உடனே பயந்துவிடாதீங்க. கிருமித் தொற்றாலும், வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் அது கூடும். மேற்கொண்டு சோதித்துத்தான் முடிவு சொல்வார்கள்.

மரபணுச் சோதனையை எல்லாருக்கும் செய்வதில்லை. குடும்ப வரலாற்றைக் கேட்டு, முடிந்தால் நோய் வந்தவருக்கே முதலில் செய்வார்கள். அவரிடம் பழுது தெரிந்தால்தான் மற்றவர்களைப் பார்ப்பது எளிது.

நமக்குச் சிக்கல் இங்கேதான். நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்தார்கள். 1914க்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் இறங்கி ரயில் ஏறினார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், அதே தலைமன்னார் வழியாகப் பல குடும்பங்கள் இராமேஸ்வரம் போயின. 1977 கலவரத்திற்குப் பின் வேறு சிலர் வன்னியில் குடியேறினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பெரியப்பா எந்த நோயில் போனார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

இன்று கேட்பதற்கு டெலிபோன் இருக்கிறது. யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் வந்தது, அப்பா வழியா அம்மா வழியா என்று விசாரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மன்னாரில் இருக்கும் சொந்தக்காரரும் தமது பங்கை எழுதி அங்குள்ள மாவட்ட ஆஸ்பத்திரியில் காட்டலாம். நீங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவையென்றால் மஹரகம அபேக்ஷா போன்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

ஆம்பளைங்க இதைப் பேச வெட்கப்பட வேண்டாம். அந்தக் கொப்பி உங்கள் மகனுக்கும் மகளுக்கும் உதவும்.