பறங்கியும் பேய்களும்
கொச்சியில் வசையான ஒரு பெயர், சீனாவில் ஆயுதத்தின் பெயரானது

வெலிங்டன் தீவுக்குப் பெரிய பழம்பெருமை இல்லை. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தோண்டி எடுத்த மண்ணால் 20ஆம் நூற்றாண்டில் எழுந்த தீவு அது. எதிர்க்கரையான மட்டாஞ்சேரியின் சொற்களுக்குத்தான் வயது அதிகம். மீனுக்குச் சீனவலை, வறுக்கச் சீனச்சட்டி, ஊறுகாய்க்குச் சீனபரணி. மலையாளிக்குச் சீனா என்றால் நல்ல சரக்கு.

போர்த்துகீசியர் பெயர் வேறு வழியில் போயிற்று. ‘ஃபிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப்பெயர் பாரசீகத்தில் ‘ஃபரங்கி’யாகி, இங்கே பறங்கியானது. முந்திரி மரத்தைப் பறங்கிமாவு என்றதில் வசை இல்லை; மேகநோயைப் பறங்கிப்புண் என்றதில் இருந்தது. 1606இல் மதுரை வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலிக்கு அந்தச் சொல்லே ஆகாது. மாடு தின்பவன், குடிகாரன், குலம் கெட்டவன் எல்லாம் அதில் அடக்கம். தாம் பறங்கி அல்ல என்று அறிவித்துக் காவி கட்டினார்.

அதே சொல் கிழக்கேயும் கப்பலேறியது. கொச்சியில் தங்கியிருந்த தோமே பிரெஸ், போர்த்துகல் தூதராக 1517இல் கான்டன் சேர்ந்தார். மரியாதைக்காகக் கப்பல்கள் வேட்டு முழங்க, சீன அதிகாரிகள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ‘ஃபொலாங்ஜி’ என்று பெயர். பிள்ளைகளை வாங்கித் தின்பவர்கள் என்ற பேச்சும் சேர்ந்தது. மிங் வம்ச வரலாற்றிலேயே அது ஏறிவிட்டது. பிரெஸ் சிறைப்பட்டார், ஊர் திரும்பவில்லை. 1520களின் மோதல்களில் சீனர்கள் கைப்பற்றிய பீரங்கிகளுக்கும் ஃபொலாங்ஜி என்றே பெயர். தமிழின் ‘பீரங்கி’யும் அந்த ஃபரங்கியின் பிள்ளைதான்!

பின்னால் வந்த ஆங்கிலேயர் கான்டனில் ‘ஃபான் க்வாய்’, அந்நியப் பேய். இதைவிட அவர்களை உறுத்தியது ‘யி’ என்ற பழஞ்சொல். வெளியார் என்றுதான் பொருள் என்றார்கள் சீனர்கள். காட்டுமிராண்டி என்றே மொழிபெயர்த்துக்கொண்டது பிரிட்டன். 1858 தியன்ச்சின் உடன்படிக்கையில், தங்களைக் குறித்து அரசு ஆவணங்களில் அச்சொல் வரக் கூடாது என்று எழுதி வாங்கியது. ஒரு சொல்லுக்காக உடன்படிக்கையில் தனி ஷரத்து! தெருவை அது தொடவில்லை. ‘க்வாய்லோ’, அதாவது பேய்ப்பயல், ஹாங்காங்கில் இன்றும் புழங்குகிறது. வெள்ளையர் சிலர் தங்களையே அப்படிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்தியர்களுக்குச் சிரிக்க அவ்வளவு இடமில்லை. ஷாங்காயில் பிரிட்டிஷார் நிறுத்திய சீக்கியப் போலீஸ்காரர்கள் ‘செந்தலை ஆசான்’ ஆனார்கள். எஜமானன் மேலிருந்த கோபம், தடி பிடித்தவன் தலைப்பாகையில் விழுந்தது. (நம் ‘ஆசான்’ அல்ல, மூன்றாமவன் என்று பொருள்.) அந்தப் போலீஸ் போய்விட்டது. ‘ஆசான்’ சீன இணையத்தில் இந்தியர்களைக் குத்தும் சொல்லாக இருக்கிறது.

தமிழர்களுக்கு மலாய்நாட்டில் கிடைத்தது ‘கெலிங்’. கலிங்கத்திலிருந்து வந்த வெறும் ஊர்ப்பெயர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் மசூதி அதைப் பெருமையாகவே தாங்கி நிற்கிறது. மசூதிக்கு வெளியே யாராவது அதே சொல்லால் கூப்பிட்டால் தமிழர்களுக்குக் கோபம் வருகிறது.