மஞ்சளைப் பற்றி ஆயிரம் ஆய்வுகள்: எதை நம்புவது?

"மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும்னு ஆய்விலேயே கண்டுபிடிச்சுட்டாங்களாமே!"

கைப்பேசிக்கு வந்த செய்தியைக் காட்டி இப்படிக் கேட்பவர் இன்று வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். கேட்பதில் தவறே இல்லை. ஈரோட்டுச் சந்தையில் மூட்டை மூட்டையாக விலைபோகும் கிழங்கு அது. குழம்பில் போடுகிறோம், பூசைக்கு வைக்கிறோம், காலில் அடிபட்டால் குழைத்துப் பூசுகிறோம். அதற்கு உலகத்து ஆய்வகங்களிலும் மதிப்புக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது?

ஆனால் 'ஆய்வு' என்ற அந்த ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை ஒளிந்திருக்கிறது என்பதைச் செய்திகள் பிரித்துச் சொல்வதில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின்மேல் மஞ்சள் சாரத்தை விட்டுப் பார்த்தாலும் ஆய்வுதான். எலிக்குக் கொடுத்துப் பார்த்தாலும் ஆய்வுதான். நூற்றுக்கணக்கான நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து ஒப்பிட்டாலும் ஆய்வுதான். முதல் இரண்டு வகையும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நமக்கு வேண்டிய மூன்றாவது வகை மிகக் குறைவு.

காப்புரிமையை உடைத்த பழைய கட்டுரை

அச்சில் வந்த கட்டுரைக்கு என்ன வலிமை உண்டு என்பதை மஞ்சளே ஒருமுறை நமக்குக் காட்டியது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்து மனுச் செய்தது. "இது எங்கள் பாட்டிக்கே தெரியும்" என்ற வாதம் அங்கே எடுபடாது; எழுத்தில் சான்று வேண்டும். சமஸ்கிருதம், உருது, இந்தி எனப் பல மொழி ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்தார்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1953ல் வெளியான ஒரு கட்டுரையும் அவற்றில் இருந்தது. 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது.

அந்த வெற்றியை நான் இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் அன்று நிரூபிக்கப்பட்டது, இந்தப் பழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது என்பதுதான். மஞ்சள் நோயைத் தீர்க்குமா என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை. பழைமைக்கான சான்றையும் பலனுக்கான சான்றையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதில்தான் நாம் அடிக்கடி தடுக்கி விழுகிறோம்.

குர்குமின் அலை

அதே காலத்தில் மேலைநாடுகளில் மாற்று மருத்துவ ஆராய்ச்சிக்கு வாசல் திறந்தது. அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்களுக்குள் மாற்று மருத்துவத்துக்கெனத் தனி அலுவலகம் ஒன்று 20 லட்சம் டாலர் ஒதுக்கீட்டில் 1992ல் தொடங்கியது. 1998ல் அது ஒரு முழு மையமாக வளர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஓர் இதழையே இந்தத் துறைக்காக ஒதுக்கியது. பணம் வந்தது, தனி இதழ்கள் வந்தன, கட்டுரைகள் பெருகின. மூலிகைகளில் மஞ்சளுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது.

ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது முழு மஞ்சளை அல்ல, அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற பொருளை. மஞ்சள் தூளில் அது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்தான் இருக்கும். ஆய்வகத்தில் எந்த நோய்க்கு எதிராகச் சோதித்தாலும் குர்குமின் 'வேலை செய்வதாக'வே தெரிந்தது. புற்றுநோய், சர்க்கரை நோய், மறதி நோய் என எதையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு நல்ல செய்தியைக் கண்டு வேதியியலாளர்களுக்குச் சந்தேகம் வந்தது. குர்குமின் தானே ஒளிரும் தன்மை கொண்டது. பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும். கரைசலில் விரைவில் சிதைந்தும் போகும். இத்தகைய பொருள், சோதனைக் கருவியையே ஏமாற்றிப் பலன் இருப்பதுபோல் காட்டிவிடும். மருந்து வேதியியலுக்கான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் 2017ல் வெளியான விரிவான மதிப்பாய்வு இதை விளக்கியது. மனிதர்களிடம் 120க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தும், மருந்தில்லா மாத்திரையோடு இருபுறமும் மறைத்து ஒப்பிட்டவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்பது அதன் முடிவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாய்வழி உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று 1998ல் பெங்களூர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்று கடையில் விற்கும் பல குர்குமின் கேப்ஸ்யூல்களில் பைப்பரின் இருப்பதற்கு அதுவே காரணம்.

தோல்விகள் எங்கே போகின்றன?

பத்துப் பேர் ஒரே மூலிகையைச் சோதிக்கிறார்கள் என்று வையுங்கள். இருவருக்குப் பலன் தெரிகிறது. எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. அந்த இருவர் எழுதியது அச்சாகும். எட்டுப் பேரின் தாள்கள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். படிப்பவர் கண்ணுக்கு அந்த மூலிகை ஒருமுறைகூடத் தோற்றதே இல்லை.

எல்லா மருத்துவத் துறையிலும் இந்த நோய் உண்டு. மாற்று மருத்துவத்தில் சற்றுக் கூடுதல். அக்குபங்சர் குறித்து வெளியான சோதனைகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1998ல் வந்தது. சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்தவற்றில் எல்லாமே 'பலன் உண்டு' என்றன. ஒரு தோல்விகூட இல்லாத மருத்துவம் உலகில் எதுவும் இல்லை. அப்படித் தெரிந்தால் தோல்விகளை எங்கோ விட்டுவிட்டார்கள் என்றே பொருள்.

பிறகு கட்டுரைகளைக் காசுக்குத் தயாரித்துக் கொடுக்கும் கூட்டங்களும் புகுந்தன. பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி இருக்கும் இடங்களில் அவர்களுக்கு நல்ல வியாபாரம். ஹிந்தாவி பதிப்பகம் 2023ல் மட்டும் தன் இதழ்களில் வந்த 8,000க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2004ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தொடங்கி, பிற்பாடு ஹிந்தாவியிடம் போன 'எவிடன்ஸ் பேஸ்டு காம்ப்ளிமென்டரி அண்ட் ஆல்டர்னேட்டிவ் மெடிசின்' இதழிலிருந்தும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் நீக்கப்பட்டன. பெயரிலேயே சான்றை வைத்திருந்த இதழ் அது. உண்மையாக உழைத்துச் சித்த, ஆயுர்வேத மருந்துகளை ஆராய்பவர்களின் பெயரும் இதனால் சேர்ந்தே கெடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சோதனையைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கச் செய்வதுதான் தோல்விகளை மறைக்கும் பழக்கத்துக்கு நல்ல மருந்து. இந்தியாவில் அப்படியொரு பதிவேடு 2007ல் தொடங்கியது. பதிந்துவிட்டால் தோல்வியை மறைப்பது கடினம்.

606 பேர் காட்டியது

கனடாவில் 10 மருத்துவமனைகளில், வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 606 பேரிடம் குர்குமினைச் சோதித்தார்கள். சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது காக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2018ல் முடிவு வெளியானது. அழற்சியும் குறையவில்லை, காப்பும் கிடைக்கவில்லை. மாறாக, மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கு வந்த சிறுநீரகப் பாதிப்பு, குர்குமின் எடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு வந்தது. இந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்ததா?

நம்பிக்கை தரும் முடிவுகளும் இருக்கின்றன. தாய்லாந்தில் 206 அஜீரண நோயாளிகளிடம் நடந்த சோதனை 2023ல் வெளியானது. ஒமெப்ரசோல் மாத்திரைக்கு இணையாகக் குர்குமினும் உபாதையைக் குறைத்தது. மருந்தில்லா மாத்திரை எடுத்த குழு அதில் இல்லை என்பது குறைதான். என்றாலும் மனிதர்களிடம் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த சோதனை அது. தொடர்ந்து ஆராயத் தகுந்தது.

குழம்பு வேறு, கேப்ஸ்யூல் வேறு

சமையலில் போடும் மஞ்சளைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய கேப்ஸ்யூலோ வேறு பொருள். மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022ல் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். எண்ணிக்கை சிறியது. ஆனால் அந்தக் கேப்ஸ்யூல்களை அவர்கள் உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் விழுங்கினார்கள். எடுக்கத் தொடங்கிய பின் கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, காரணமில்லாத சோர்வு என்று எது தெரிந்தாலும் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வார்ஃபரின் போன்ற, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

புற்றுநோய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து, மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 2018ல் வெளியான அந்த ஆய்வில் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

அடுத்த முறை 'ஆய்வில் தகவல்' என்று செய்தி வந்தால், சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்று தேடிப் பாருங்கள். அது செய்தியிலேயே இல்லை என்றால் அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ ஏற்கெனவே குர்குமின் கேப்ஸ்யூல் எடுத்துக்கொண்டிருந்தால், "இது வெறும் மஞ்சள்தானே" என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்து மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பாட்டிலையும் பையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.