மாட்டின் வயிற்றில் கம்பி: கருவி காட்டுவதும் காட்டாததும்

வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை வட்டாரத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. கட்டடம் எழும் இடங்களில் கட்டுக்கம்பியும் ஆணியும் சிதறிக் கிடக்கின்றன. ஆடு பொறுக்கித் தின்னும். மாடோ நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். புல்லோடு கம்பியும் உள்ளே போய்விடுகிறது.

விழுங்கிய கம்பி, மாட்டு வயிற்றின் நான்கு அறைகளுள் இரண்டாவதான தேன்கூட்டு அறையில் தங்குகிறது. இதற்கும் இதயத்துக்கும் இடையில் மெல்லிய தசைத் தடுப்பு மட்டுமே உண்டு. அறை சுருங்கும்போது கூர்மையான கம்பி குத்தி வெளியேறும். இதயத்தை எட்டிவிட்டால் மாடு பிழைப்பது அரிது. நிறைசினையிலும் கன்று ஈனும் சமயத்திலும் இந்த ஆபத்து அதிகம்.

கம்பி இருப்பதை அறிய, பொது இடங்களில் காவலர்கள் சோதனைக்கு வைத்திருக்கும் மெட்டல் டிடெக்டர் போன்ற கருவி உதவும். இதன் சுருளில் ஓடும் மின்சாரம் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. உலோகம் அருகில் வந்தால் புலம் மாறி, கருவி ஒலிக்கும்.

முதல்முறை சோதிக்கும்போது

1. ஓர் ஆணியைப் பலகைக்கு அடியில் வைத்து, எவ்வளவு தூரம் வரை கருவி ஒலிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. மாட்டின் சங்கிலி, மணி, லாடம் ஆகியவையும் ஒலியை எழுப்பும். சங்கிலியையும் மணியையும் கழற்றி, கயிற்றில் கட்டி, இரும்புக் கதவு, தகரக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும்.

3. இடது முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், விலாவின் அடிப்பக்கத்தில் கருவியை மெதுவாக நகர்த்த வேண்டும்.

ஒலி கேட்டவுடன் மாட்டை விற்கவோ அறுவைக்கு அவசரப்படவோ வேண்டாம். நலமாயுள்ள மாடுகள் பலவற்றின் வயிற்றிலும் இரும்புத் துண்டுகள் தீங்கின்றிக் கிடப்பதுண்டு. கம்பி குத்தியிருக்கிறதா என்பதைக் கருவி சொல்லாது. ஒலி கேட்காவிட்டாலும் நிம்மதி கொள்ளலாகாது. ஆழத்தில் உள்ள சிறு ஊசியைக் கைக்கருவி தவறவிடக்கூடும்.

ஆகவே அறிகுறிகளே முக்கியம். பால் திடீரெனக் குறைதல், தீனி எடுக்காமை, அசைபோடாமை, முதுகை வளைத்து நிற்றல், படுத்தெழும்போது முனகல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். திமில் பகுதியை அழுத்திப் பிடித்தால் நலமான மாடு முதுகைத் தாழ்த்தும். வலியுள்ள மாடு தாழ்த்தாது. கழுத்து நரம்பு புடைத்து, முன்மார்பில் வீக்கம் கண்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இவற்றுள் எது தெரிந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பெரிய சிகிச்சைக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ரயிலில் சென்றடையும் தொலைவிலேயே உள்ளது.

வருமுன் காக்கச் செலவு சொற்பமே. பழைய ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தைத் தவிடு, புண்ணாக்கில் ஒருமுறை துழாவி எடுத்தால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வயது கடந்த மாட்டுக்கு, மருத்துவரைக் கொண்டு விழுங்கு காந்தம் ஒன்றைச் செலுத்தலாம். அது ஆயுள் முழுவதும் தேன்கூட்டு அறையில் தங்கி, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு, அலுமினியக் கம்பிகளை அது பிடிக்காது. காந்தம் செலுத்திய மாட்டில் கருவி எப்போதும் ஒலிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வேலி கட்டியதும், வீடு பழுது பார்த்ததும், வெட்டிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கிய பிறகே அங்கே மாட்டை அவிழ்த்துவிடுவது நல்லது.